வெளிச்சம் அவர்களுக்கு, கறுப்புத் திரை நமக்கா?

உங்கள் படுக்கையறைச் சன்னலுக்கு எதிரே 90 மீட்டர் உயரம், 120 மீட்டர் அகலத்தில் ஓர் உருண்டையைக் கட்டி, அதன் உடம்பு முழுவதும் விளம்பரப் படம் ஓட்டப் போவதாக ஒரு கம்பெனி வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? ‘தூக்கம் கெட்டால் கறுப்புத் திரை வாங்கித் தருகிறோம், சன்னலை மூடிக்கொள்ளுங்கள்’ என்றும் சேர்த்துச் சொன்னால்?

இது கற்பனை அல்ல. கிழக்கு லண்டனில் ஸ்டிராட்ஃபோர்டு என்ற பகுதியில் நடந்தது. 2012 ஒலிம்பிக் போட்டிகளின்போது பேருந்துகளை நிறுத்திய, ரயில் பாதைகள் சூழ்ந்த ஒரு முக்கோண நிலம். அங்கே 21,500 பேர் கொள்ளும் கேளிக்கை அரங்கம் கட்ட அமெரிக்காவின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிறுவனம் 2019-இல் அனுமதி கேட்டது. இதே போன்ற உருண்டை லாஸ் வேகாஸில் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டது. லாஸ் வேகாஸ் சூதாட்ட நகரம். ராத்திரி என்பதே தெரியக் கூடாது என்று திட்டமிட்டுக் கட்டிய ஊர். ஸ்டிராட்ஃபோர்டு அப்படியா? நியூஹாம் வட்டாரத்தைச் சேர்ந்த அந்த ஊரில் விடியற்காலையில் வேலைக்கு ஓடும் குடும்பங்கள் வாழ்கின்றன. 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி நியூஹாமில் ஏறத்தாழ 35 சதவிகிதம் பேர் முஸ்லிம்கள். அந்தச் சன்னல்களுக்குப் பின்னால் உறங்குவோரில் நம் சகோதரர்களும் உண்டு.

இப்படிப்பட்ட திட்டத்துக்கு ‘பார்வைப் பாதிப்பு, ஒளிப் பாதிப்பு மதிப்பீடு’ என்று தடித்த அறிக்கை தயாராகும். அதைத் தயாரிக்கும் நிபுணருக்குக் கூலி கொடுப்பவர் யார்? கட்டப் போகிறவரே! நிபுணர் பொய் எழுதுவார் என்று நான் சொல்லவில்லை. எதை அளப்பது, எங்கே நின்று படம் எடுப்பது என்று தீர்மானிக்கிற இடத்தில்தான் விளையாட்டு இருக்கிறது. பூங்காவின் மூலையிலிருந்து பட்டப்பகலில் எடுத்த படத்தில் எந்தப் பூதமும் சாதுவாகத்தான் தெரியும்.

ஒளியை அளக்கும் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சன்னலில் விழும் வெளிச்சத்தை ‘லக்ஸ்’ என்ற அலகால் அளக்கிறார்கள். பிரிட்டன் ஒளியியல் வல்லுநர்களின் வழிகாட்டுதலில் ஊர்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. புறநகர் என்றால் இரவு 11 மணிவரை 10 லக்ஸ், அதன்பின் 2. நகர மையம் என்றால் 25, அதன்பின் 5. முழுநிலவு தருவது ஏறத்தாழ கால் லக்ஸ்தான்! ஆக, உங்கள் தெருவை ‘நகர மையம்’ என்று காகிதத்தில் எழுதிவிட்டால், நள்ளிரவில் இருபது நிலவுகளை உங்கள் சன்னலில் தொங்கவிட்டாலும் அது ‘வரம்புக்குள்’தான். அதோடு, லக்ஸ் என்பது விழும் வெளிச்சத்தின் அளவு மட்டுமே. எதிரே படம் நொடிக்கு நொடி நிறம் மாறித் துள்ளுவதை அந்த எண் சொல்லாது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் கண் எண்ணையா பார்க்கிறது?

2022 மார்ச்சில் அங்குள்ள வளர்ச்சிக் கழகத்தின் திட்டக் குழு ஒப்புதல் தந்துவிட்டது. அதோடு கதை முடிந்ததென்று மக்கள் வீட்டில் முடங்கவில்லை. எழுதினார்கள், கூடினார்கள், எதிர்த்தார்கள். (அருகில் பெரிய அரங்கம் நடத்தும் போட்டிக் கம்பெனியும் எதிர்த்தது. அதன் கணக்கு வேறு. அதற்காக மக்களின் குறை பொய்யாகிவிடாது.) மாநகர நிர்வாகம் தன் பங்குக்குத் தனி ஆலோசகர்களை வைத்து ஆராய்ந்தது. 2023 நவம்பரில் மேயர் சாதிக் கான் அனுமதி மறுத்தார். நூற்றுக்கணக்கானோர் வீடுகளில் வெளிச்சம் புகுந்து உடல்நலத்தைக் கெடுக்கும், கட்டடம் சுற்றுப்புறத்தையே அமுக்கி நிற்கும், மின்சாரத்தை அளவின்றி விழுங்கும் என்பன அதற்குக் காரணங்கள். கறுப்புத் திரையைத் தீர்வென ஏற்கவும் மாநகர நிர்வாகம் மறுத்தது. 2024 ஜனவரியில் கம்பெனி திட்டத்தையே கைவிட்டது.

‘வேலைவாய்ப்பு போச்சே, வியாபாரம் போச்சே’ என்று அன்று சிலர் புலம்பினார்கள். வியாபாரப் பெருமக்களே, நீங்களே சொல்லுங்கள். வாடிக்கையாளர் வீட்டுத் தூக்கத்தைப் பறித்துத்தான் கல்லா நிரம்ப வேண்டுமா? அரங்கம் வேண்டாமென்று அந்த மேயர் சொல்லவில்லை. லண்டனில் முதலீட்டை வரவேற்பதாகத்தான் அவர் தரப்பு சொன்னது. இந்தக் கட்டடம், இந்த வெளிச்சத்தோடு, இந்தச் சன்னல்களுக்கு எதிரே கூடாது என்பதே தீர்ப்பு. நம் கடைவீதிகளிலும் இப்போது எல்இடி பலகை மோகம் பிடித்து ஆட்டுகிறது. கடையடைத்து நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு, அந்தப் பலகை யார் வீட்டுச் சுவரில் மின்னிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நாள் நின்று பார்த்ததுண்டா?

‘அது லண்டன், இங்கே யார் கேட்பார்கள்?’ என்கிறீர்களா? இங்கும் சட்டத்தில் கேள்வி இருக்கிறது. 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் படிவம், திட்டத்தால் ஒளியும் வெப்பமும் வெளிப்படுமா என்று கேட்கிறது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோருக்கான துணைப் படிவம், காட்சி மறைக்கப்படுமா என்று கேட்கிறது. ஆனால் அதே அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கும் அளித்தது! கேள்வி கேட்பவர் அதிகாரி, பதில் எழுதுபவர் முதலாளி. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அந்தக் காகிதத்தில் ஒரு வரி இடமில்லை.

ஆகவே இளைஞர்களே, கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் வட்டாரத்தில் பெரிய கட்டடமோ ராட்சதத் திரையோ வரப்போவதாகத் தெரிந்தால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒளி பற்றிய கட்டத்தில் வெறும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரவுப் படம் இணைத்திருக்கிறார்களா, எந்தச் சன்னலிலிருந்து எடுத்தார்கள், எத்தனை மணிக்கு விளக்கணைப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மனுவில் அந்தத் தெருவின் எல்லா வீட்டாரும் கையெழுத்திடட்டும், எந்தச் சமுதாயத்தவர் ஆனாலும் சரி. வேலை தொடங்கி அஸ்திவாரக் குழி வெட்டுவதற்கு முன்பே அந்த மனு அலுவலகத்தில் பதிவாகி, ஒப்புகைச் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.