கைலாசநாதர் கோயில் கல்லும் ராமநாதபுரம் எண்ணெய்க் கிணறும்: மணற்பாறைக்குள் என்னதான் இருக்கு?

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாளைச் சேவிச்சுட்டு, சுமார் 12 கி.மீ. தள்ளி இருக்கிற காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்கும் போகிறவர்கள் நிறைய பேர். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கோயில் அது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்பாறை. அந்தச் சிற்பங்கள் பல இடங்களில் கரைந்து, முகமே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம், மணற்பாறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மழைநீரும் உப்பும் அதற்குள் புகுந்து, மணலைப் பிடித்து வைத்திருக்கும் பசையை உதிர்த்துவிடுகின்றன.

கோயிலுக்குக் கேடான இதே துளைகளைத்தான் எண்ணெய் நிறுவனங்கள் தேடி அலைகின்றன.

ராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு 2025 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி தந்தது. ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்ப, அனுமதியைத் திரும்பப் பெறும்படி தமிழக அரசு அறிவுறுத்தியது. பலரும் கேட்ட கேள்வி: எண்ணெய் இருக்குன்னு தெரிந்தால் ஒரு கிணறு போதாதா, எதுக்கு 20?

மணல் எப்படி வந்து சேர்ந்தது?

பூமிக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. மணல் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் தங்குகிறது. ஒரு படி நிறைய எலுமிச்சம்பழம் போட்டால் நடுவில் நிறைய இடம் இருக்கும். அதில் கடுகைக் கொட்டினால் இடம் போச்சு. மணலும் அப்படித்தான். கடலலை அலசி அலசி ஒரே அளவாக்கிய கடற்கரை மணலில் சுமார் 40 சதவீதம் வரை காலியிடம் இருக்கும். மலையடிவாரத்தில் ஆறு அவசரமாகக் கொட்டிவிட்டுப் போன, களிமண்ணும் கூழாங்கல்லும் கலந்த மணலில் அது வெகுவாகக் குறையும்.

காவிரிப் படுகையின் மிக ஆழத்தில் இருக்கும் ஆண்டிமடம் அடுக்கு இந்த இரண்டாவது ரகத்துக்கு நெருக்கமானது. டைனோசர் காலத்தில், பக்கத்துப் பாறைகள் உடைந்து, அதிக தூரம் உருளாமலேயே படிந்த மணல் அது.

புதைந்த பிறகு நடப்பதுதான் பெரிய கதை

மேலே மேலே மண் சேரச் சேர, கீழே இருக்கும் மணல் நசுங்கும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 30 டிகிரி வெப்பமும் ஏறும். 3 கி.மீ. ஆழத்தில் 120 டிகிரியைத் தொடலாம். அந்தச் சூட்டில் துகள்களுக்கு இடையே ஓடும் நீரிலிருந்து சிலிக்காவும் சுண்ணமும் படிந்து, சிமென்ட் மாதிரி ஒட்டிவிடுகின்றன.

காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பாவு நூலுக்குக் கஞ்சி அளவாகப் போட்டால் நூல் உறுதியாகும், அதிகமானால் இழைகள் ஒட்டிக்கொண்டு தறியே ஓடாது. பாறையிலும் கொஞ்சம் பசை நல்லது, மணல் சரியாமல் தாங்கும். அதிகமானால் எண்ணெய் நகர வழியே இல்லை.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. நம்மூர் கிரானைட் பாறைகளிலிருந்து வந்த மணலில் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் அதிகம். அமிலத்தன்மை உள்ள நீர் பட்டால் அது கரைந்து புதுத் துளைகளை உண்டாக்கும். ஆனால் கரைந்த சரக்கு களிமண்ணாக மாறி, பக்கத்துத் துளையையே அடைத்துவிடவும் செய்யும்! இல்லைட் என்ற களிமண் நார் நாராக வளர்ந்து வழியை மறிக்கும். துளை இருக்கும், துளைக்கும் துளைக்கும் தொடர்பு இருக்காது.

ஒரே அடுக்கில் ஒரு கிணறு கொடுப்பதும், கொஞ்ச தூரத்தில் இன்னொன்று ஏமாற்றுவதும் இதனால்தான். நில அதிர்வு ஆய்வு பாறையின் வடிவத்தைக் காட்டும். துளைகளை அடைத்திருப்பது எந்தக் களிமண் என்பதைத் துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுதான் சொல்லும். அதனால்தான் ஒன்றல்ல, 20.

மக்களுக்கு இதில் என்ன?

இறுகிய பாறையில் எண்ணெய் தானாக வராது. அதிக அழுத்தத்தில் நீரைச் செலுத்தி விரிசல் உண்டாக்கும் முறை பேச்சுக்கு வரும். நிலத்தடி நீரை நம்பி இருக்கும் விவசாயிகளின் பயமே அதுதான், அதை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. கிணறு தோண்டும்போதே பாறையின் தரம் எப்படி, எந்த முறையில் எடுக்கப்போகிறார்கள் என்பதை ஊர்க்காரர்களிடம் சொல்லியாக வேண்டும்.

டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கு 2020-ம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடை போட்டிருக்கிறது. ராமநாதபுரம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை.