சொல்லைத் துலக்கியவர்கள்

அடிமைத்தனம் முதலில் சொல்லிற் குடியேறுகின்றது. பின்னரே தோளில் நுகமாய் ஏறுகின்றது. மக்களுக்கு விளங்காச் சொல்லால் சட்டமும் சமயமும் பேசுவோர், அவ்விளங்காமையையே தமக்கு மதிலாக்கிக் கொள்வர். அம்மதிலை இடிக்க முனைந்தோரே எந்நாட்டிலும் அறிவொளிக் காலத்தைத் தொடங்கி வைத்தனர்.

ஆலந்து நாட்டு மருத்துவரும் சட்ட அறிஞருமாகிய அத்ரியான் கூர்பாக்கு அத்தகையவர். 1668இல் அவர் வெளியிட்ட சொற்பொருள் நூல், சட்டத்திலும் சமயத்திலும் மருத்துவத்திலும் மண்டியிருந்த அயற்சொற்களுக்கு மக்கள் மொழியிலேயே பொருள் விளக்கிற்று. சமயத் தலைவர்தம் புனைவுகளையும் உடன் தோலுரித்தது. அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தனர். மறு ஆண்டே சிறையில் மாய்ந்தார். அவரோடு கருத்தொத்த மெய்யறிஞர் இசுபினோசா, 1670இல் தம் நூலை இலத்தீனில் வெளியிட்டார். அது மக்கள் மொழியில் பெயர்க்கப்படாவாறு தடுக்கவும் நண்பரை வேண்டினார். கற்றோர் மொழியில் உள்ளவரை ஓரளவு பொறுக்கும் ஆட்சி, மற்றோர் மொழிக்கு வந்தவுடன் சீறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தமிழகத்தில் இப்பணியைத் தலைமேற்கொண்ட முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). 1898இல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய புத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அவர் ஏந்திய படைக்கலன் சொல்லே. பண்டை நூல்களையும் நிகண்டுகளையும் சான்றாக்கி, அந்தணர் என்பது ஒழுக்கத்தால் வந்த பெயரேயன்றிப் பிறப்பால் வந்ததன்று என்றார். இழிவு சுமத்தப்பட்ட மக்கள் பழந்தமிழ்ப் புத்த நெறியினரே என்றார். அவர்தம் முடிவுகள் அனைத்தையும் மொழிநூலார் ஏற்பதில்லை. திருக்குறளைத் ‘திரிக்குறள்’ என்று புத்த நெறியோடு இணைத்ததை ஏற்காதார் பலர். ஆயினும், இழிசொல்லைச் சுமந்தவனே அச்சொல்லின் வரலாற்றை வினவலாம் என்னும் துணிவை ஊட்டியவர் அவரே.

பண்டிதர் மறைந்தபின், பெரம்பூர் அவ்வியக்கத்தின் நிலைக்களங்களுள் ஒன்றாய் நின்றது. இயற்பியற் பேராசிரியர் இலக்குமி நரசு அதற்கு வழிகாட்டினார். தொடர்வண்டிப் பணிமனையும் நெசவாலைகளும் சூழ்ந்த அப்பகுதியில்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. ஆனால் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, ஒரே ஆலையில் உழைத்தோரைச் சாதி இரண்டாய்ப் பிளந்தது; புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மறு ஆண்டு நரசுவின் சாதி ஆய்வு நூல் வெளிவந்தது, ஆங்கிலத்தில் வெளிவந்தது! 1907இல் வந்த அவருடைய புத்த நெறி நூலும் ஆங்கிலமே. ஆங்கிலத்தில் இருந்தமையால் அந்நூல் அண்ணல் அம்பேத்கரை எட்டிற்று. 1948இல் அதன் மூன்றாம் பதிப்புக்கு அவர் முன்னுரை வழங்கினார். ஆலைத் தறியில் நின்ற தமிழனையோ அம்மொழி எட்டவில்லை. இலத்தீனுக்கு நேர்ந்ததே இங்கு ஆங்கிலத்துக்கும் நேர்ந்தது.

தமிழில் எழுதிய பண்டிதரும் நெடுங்காலம் மறக்கப்பட்டார். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியசு திரட்ட, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து அவை தொகுதிகளாய் வெளிவந்தன. 2023இல் கிண்டியில் அவருக்கு மணிமண்டபமும் சிலையும் எழுந்தன. சிலைக்கு மாலை சூட்டுவது எளிது. அவர் தொடுத்த வினாவுக்கு விடை கூறுவதன்றோ கடமை?

தனித்தமிழ் அன்பர்கள் ஈண்டு ஓர்தல் வேண்டும். பண்டிதரின் நடை தனித்தமிழன்று, வடசொல் மிக்கது. ஆனால் அவர் நெஞ்சில் வருண வேற்றுமை கலக்கவில்லை. நாவில் ஒரு வடசொல்லும் கலவாது பேசிவிட்டு, பெண் கொள்ளவும் கொடுக்கவும் சாதி வினவுவோன் தமிழைத் தூய்மை செய்தவன் ஆகான். தூசு தட்டியவன் மட்டுமே ஆவான். ‘ஜாதி’யைச் ‘சாதி’ என்று எழுதிவிட்டால் அந்நோய் தமிழாகிவிடுமா?

கூர்பாக்கு சொற்பொருள் எழுதியது அகரமுதலியை அழகுபடுத்த அன்று. மக்கள் அறிவை விடுவிக்க. பண்டிதர் நிகண்டைப் புரட்டியதும் அதற்கே. அறிவியலும் சட்டமும் பெரம்பூர்த் தொழிலாளி வீட்டுக்குத் தமிழிலேயே சென்று சேரட்டும்; அங்கு எல்லாரும் ஒரே திண்ணையில் அமர்ந்து அவற்றைப் படிக்கட்டும். மொழித் தூய்மை அங்குதான் நிறைவெய்தும்.