பெட்டிக்கு மரியாதை, ஆளுக்குச் சோதனை

வங்கியில் ஏற்றுமதி பில்கள் வரும் மேசையில் சில வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். கப்பல் கம்பெனி தருகிற பில் ஆஃப் லேடிங்கில் ஒரு வாசகம் வரும்: பெட்டிக்குள் இன்ன சரக்கு 'இருப்பதாகச் சொல்லப்படுகிறது'. இருக்கிறது என்று எழுத மாட்டார்கள். முதலாளி சொன்னார், கப்பல்காரர் எழுதிக்கொண்டார், வங்கி காகிதத்தைப் பார்த்துப் பணம் தந்தது. வங்கிகள் கையாள்வது ஆவணங்களைத்தான், சரக்கை அல்ல என்று சர்வதேச விதியே இருக்கு. உலக வணிகம் இந்த 'சொல்லப்படுகிறது' மேலேதான் ஓடுது.

2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு இந்தப் பெட்டியைக் கண்டு பயம் வந்தது. பயத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. 2004 மார்ச்சில் இஸ்ரேலின் அஷ்டோத் துறைமுகத்தில், கண்டெய்னருக்குள் ஒளிந்து போன இரண்டு பேர் வெடித்ததில் 10 பேர் செத்தார்கள். அதற்கும் வெகுமுன்னால், 1985 ஜூன் 23 அன்று, ஏறாத பயணியின் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் 329 பேரோடு கடலில் விழுந்தது. அதே நாள், ஒரு மணி நேரம்கூட இடைவெளி இல்லாமல், டோக்கியோ நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்தது. செத்தவர்கள் சாமான் ஏற்றி இறக்குகிற இரண்டு தொழிலாளர்கள். கனிஷ்காவை நினைக்கிறவர்கள் இந்த இரண்டு பேரை நினைப்பதில்லை. சரக்கில் குண்டு இருந்தால் அதை முதலில் தொடுவது லோடுமேன் கைதான்.

பாதுகாப்பு நிபுணர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. அச்சுறுத்தல், பலவீனம், விளைவு, இந்த மூன்றையும் பெருக்கினால் வருவது ஆபத்து. பார்க்க விஞ்ஞானம் மாதிரி இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை போட்ட கணக்குகளை அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2010இல் பரிசீலித்து, இயற்கைப் பேரிடர் தவிர மற்றவற்றில் முடிவெடுக்க இவை போதாது என்று எழுதியது. அது அவர்கள் சண்டை. நம்ம கேள்வி வேற. 'அச்சுறுத்தல்' என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுகிறார்கள்? 'விளைவு' என்ற கட்டத்தில் யாருடைய இழப்பை எழுதுகிறார்கள்?

2001 நவம்பரிலேயே பெரிய இறக்குமதிக் கம்பெனிகளோடு ஒரு கூட்டுத் திட்டம் வந்துவிட்டது. பாதுகாப்பு ஒழுங்காக வைத்திருக்கிறோம் என்று காட்டிச் சேர்ந்துகொண்டால் அந்தக் கம்பெனியின் பெட்டிகளுக்குச் சோதனை குறையும். அமெரிக்காவுக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியையும் கதிர் படம் எடுத்தே அனுப்ப வேண்டும் என்று 2007இல் சட்டம் போட்டார்கள். 2012க்குள் முடிக்கணும். முடியவில்லை, வணிகம் தாமதமாகும் என்று கெடுவைத் தள்ளினார்கள், திரும்பத் திரும்பத் தள்ளினார்கள்.

தொழிலாளிக்கு மட்டும் கெடு தள்ளிக்கொண்டே போகவில்லை. அதே 2007இல் துறைமுக ஆட்களுக்கு அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். கைரேகை கொடு, பழைய வழக்கைச் சொல், 132 டாலர் 50 சென்ட் உன் பையிலிருந்து கட்டு. குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றிருந்தால் அட்டை இல்லை. விலக்குக் கேட்டு மனுப் போடலாம், அதுவரை வேலை? எந்த நிறத்தவரைக் கொண்டு அமெரிக்கா தன் சிறைகளை நிரப்புகிறது என்பது ஊரறிந்த விஷயம். இவ்வளவும் செய்து என்ன கண்டார்கள்? 2011இல் அமெரிக்க அரசின் தணிக்கை ஆட்களே போலி அட்டையைக் காட்டித் துறைமுகங்களுக்குள் போய்க் காட்டினார்கள்.

'விளைவு' கட்டம் இன்னும் வேடிக்கை. குண்டு வெடித்துத் துறைமுகம் மூடினால் எவ்வளவு நட்டம்? இதற்கு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட மாதிரிகளில் முக்கியமானது 2002இல் அமெரிக்க மேற்குக் கரையின் 29 துறைமுகங்களில் நடந்த 10 நாள் மூடல். அது வேலைநிறுத்தம் அல்ல, முதலாளிகள் போட்ட கதவடைப்பு. முதலாளி பூட்டிய பூட்டு, பயங்கரவாதத்தின் விலையை அளக்கிற படிக்கல்!

நம்ம ஊருக்கு வருவோம். குண்டு வைக்க ஆளே வேண்டாம், கிடங்கில் கிடப்பதே போதும் என்று 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் காட்டியது. சுமார் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் கிடங்கில் ஆறு வருஷம் கிடந்து வெடித்து 200 பேருக்கு மேல் செத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நெருப்பை அணைக்கப் போன தீயணைப்புக் குழுவின் 10 பேரும் அதில் அடக்கம். அந்த வாரம்தான் சென்னைக்காரனுக்குத் தெரிந்தது, சுங்கத்துறை 2015இல் பறிமுதல் செய்த அதே சரக்கு, ஏறக்குறைய 700 டன், மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் 37 பெட்டிகளில் கிடக்கிறது என்று. பாதுகாப்பாத்தான் இருக்கு என்றார்கள். பாதுகாப்பாக இருந்ததை ஏன் அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றினார்கள்?

ஐந்து வருஷம் அந்த யார்டில் மூட்டை தூக்கியவர், வெளியே டீக்கடை வைத்தவர், சுற்றிக் குடியிருந்தவர் எவரிடமும் யாரும் வாய் திறக்கவில்லை. வாசலில் டிரைவர் பையை மட்டும் துழாவுவார்கள்.

பெரும் விபத்து நேரக்கூடிய ரசாயனக் கிடங்கைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு அந்த ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 1989இலேயே மத்திய அரசின் விதி வந்துவிட்டது. தோழர்கள், குறிப்பாக வடசென்னை மாணவர்கள், மணலியிலும் திருவொற்றியூரிலும் உள்ள யார்டுகளில் என்னென்ன, எத்தனை டன், எப்போதிலிருந்து கிடக்கிறது, யாருக்குச் சொன்னீர்கள் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதுங்கள். 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' தர இயலாது என்று பதில் வரலாம். வந்தால் மேல்முறையீடு செய்துவிட்டு, அந்தப் பதிலின் நகலை நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அப்படியே அச்சிடுவோம்.