இரண்டு நாளுக்கு எந்த மலை?

மகன் வேலைக்காக ஆஸ்திரேலியா புறப்படும் முன் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சனி, ஞாயிறு. "அப்பா, குனோங் தஹான் போவோமா?" என்றான். அவன் பள்ளியில் படிக்கும்போது நான் கொடுத்த வாக்கு அது. ஓவர்டைம், கல்யாணம், காதுகுத்து என்று ஆண்டுதோறும் தள்ளிப் போட்டவனும் நானே.

தீபகற்பத்திலேயே உயரமான மலை தஹான், 2,187 மீட்டர். போய்வர நான்கைந்து நாளாவது வேண்டும். சபாவின் கினபாலு 4,095 மீட்டர். இரண்டே நாளில் ஏறி இறங்கலாம். ஆனால் அனுமதி, வழிகாட்டி, மலைமேல் தங்குமிடம் எல்லாவற்றையும் வெகு முன்பே பதிந்திருக்க வேண்டும். மிஞ்சியது ஜொகூரின் குனோங் லேடாங், 1,276 மீட்டர். ஒரு பகலில் முடியும்.

காலையில் ஏறத் தொடங்கினோம். கயிற்றைப் பிடித்தும் ஏணியில் தொற்றியும் ஏற வேண்டிய இடத்தில் என் முழங்கால் மக்கர் செய்தது. மதியம் ஒரு மணிக்கு எங்கிருந்தாலும் திரும்ப வேண்டும் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். உச்சி இன்னும் மேலே இருந்தது. திரும்பினோம்.

நேரம் குறைவென்றால், இறங்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். களைத்த கால்கள் இறங்கும்போதுதான் வழுக்கும். மாலை மழை வேறு வரும்.

இறங்கும் வழியெல்லாம் மகன் என் கையைப் பிடித்திருந்தான். அவன் அவ்வளவு நேரம் என்னிடம் பேசி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. காரில் ஏறியதும் சிரித்தான்: "தஹான் இன்னும் கடன்தான்பா."