பேப்பர் குவியுது, படிக்க ஆள் இல்லை: கணினி அறிவியல் ஆய்வில் என்னதான் நடக்கிறது?

'புதிய ஆய்வில் தகவல்' என்று ஏஐ பற்றி வாரத்துக்கு நாலு செய்தியாவது உங்கள் மொபைலுக்கு வந்துவிடுகிறது. அந்த ஆய்வை எழுதியவரைத் தவிர வேறு யாராவது படித்துச் சரிபார்த்தார்களா? பல நேரங்களில், இன்னும் இல்லை என்பதுதான் பதில். அப்படிப்பட்ட கட்டுரைகள் பெரும்பாலும் முதலில் வந்து இறங்கும் இடம், ஆர்க்கைவ் என்ற இலவச இணையதளம். அந்தத் தளமே 2025 அக்டோபர் 31-ம் தேதி, கணினி அறிவியல் பிரிவுக்கு மட்டும் ஒரு கதவை இழுத்துச் சாத்தியது.

என்ன தடை?

1991-ல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கிய தளம் இது. பல ஆண்டுகளாக அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கிவந்தது. மாதத்துக்கு 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வருகின்றன. ஏற்றவும் காசு இல்லை, படிக்கவும் காசு இல்லை. தன்னார்வலர்கள் மேலோட்டமாகப் பார்த்து அனுமதிப்பார்கள். உள்ளே இருக்கும் கணக்கு சரியா, சோதனை சரியா என்று யாரும் துருவிப் பார்ப்பதில்லை.

புதிய அறிவிப்பு இதுதான்: கணினி அறிவியலில் தொகுப்புக் கட்டுரைகளையும், கருத்து நிலைக் கட்டுரைகளையும் இனி நேரடியாக ஏற்ற முடியாது. ஒரு ஆய்விதழோ மாநாடோ மதிப்பாய்வு செய்து ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தொகுப்புக் கட்டுரை என்றால், ஒரு தலைப்பில் இதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் படித்து, எங்கே நிற்கிறோம் என்று சொல்வது. முன்பெல்லாம் துறையில் பழுத்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுவார்கள். இப்போது ஏஐ-யிடம் கேட்டால் ஒரு மதியத்தில் எழுதித் தந்துவிடும். மாதத்துக்கு நூற்றுக்கணக்கில் வருகிறது, அதில் பெரும்பாலானவை வெறும் பட்டியல்தான் என்று ஆர்க்கைவ் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

ஆனால் இதில் ஒரு நெருடல் இருக்கிறது. ஆர்க்கைவில் கணினி அறிவியல் என்பது ஒற்றைத் துறை அல்ல. மறைகுறியீடு, தரவுத்தளம், கணினி வரைகலை, இயங்குதளம், ரோபோ என்று ஏகப்பட்ட உட்பிரிவுகள். சீக்கிரம் பழசாகிப்போகும் ஏஐ பேச்சுக்காக மறைகுறியீட்டு ஆய்வாளரும் சேர்ந்து வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. பிஎச்.டி. சேரும் மாணவர் பலருக்கும் முதல் எழுத்து வேலை தொகுப்புக் கட்டுரைதான். பெரிய பேராசிரியர் பக்கபலம் இல்லாத சின்னக் கல்லூரி மாணவருக்கு, 'இதை நான் எழுதியிருக்கிறேன்' என்று உலகத்துக்குக் காட்ட இருந்த இலவச வழி சுருங்கிவிட்டது.

சரி, மதிப்பாய்வு செய்து வாங்கிட்டு வா என்கிறார்கள். அந்த மதிப்பாய்வு எந்த லட்சணத்தில் இருக்கிறது?

மாநாடுதான் தேர்வு அறை

மருத்துவத்திலும் வேதியியலிலும் ஆய்விதழில் கட்டுரை வந்தால்தான் மதிப்பு. கணினி அறிவியலில் மாநாடுகளுக்குத்தான் முதல் மரியாதை. துறை ஓடுகிற வேகத்துக்கு, ஆய்விதழ் பதில் சொல்லும் வரை காத்திருந்தால் கண்டுபிடிப்பு பழசாகிவிடும். அதனால் ஒரு கெடு தேதி, அதற்குள் எல்லோரும் அனுப்ப வேண்டும், சில மாதங்களில் முடிவு. மதிப்பிடுபவர்களும் சக ஆய்வாளர்களே. சம்பளம் கிடையாது.

இந்த ஏற்பாடு நூற்றுக்கணக்கில் கட்டுரை வந்த காலத்துக்குப் பொருந்தியது. ஏஐ துறையின் பெரிய மாநாடான நியூரிப்ஸுக்கு 2014-ல் வந்தவை 1,678 கட்டுரைகள். 2025-ல் 21,575. அதாவது 11 ஆண்டில் கிட்டத்தட்ட 13 மடங்கு. ஏற்கப்பட்டவை 5,290. மதிப்பிட 20,000-க்கும் மேற்பட்டவர்களைத் திரட்ட வேண்டியிருந்தது. அத்தனை பேரும் அனுபவசாலிகளா? வாய்ப்பே இல்லை. நேற்று முதல் கட்டுரை எழுதிய மாணவர், இன்று அடுத்தவர் கட்டுரைக்கு மார்க் போடுகிறார்.

ஒரே பேப்பரை ரெண்டு பேர் திருத்தினால்?

2014-ல் நியூரிப்ஸை நடத்திய கொரின்னா கோர்டெஸும் நீல் லாரன்ஸும் துணிந்து ஒரு சோதனை செய்தார்கள். வந்த கட்டுரைகளில் சுமார் 10 சதவீதத்தை, அதாவது 166 கட்டுரைகளை, இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மற்றொன்றின் முடிவு தெரியாது.

ஏறக்குறைய நாலில் ஒரு கட்டுரைக்கு இரு குழுவும் வேறு வேறு முடிவைச் சொன்னது. அது பெரிதாகத் தெரியவில்லையா? இப்படிப் பாருங்கள்: ஒரு குழு 'பாஸ்' போட்ட கட்டுரைகளில் பாதிக்கும் மேல் இன்னொரு குழுவிடம் 'ஃபெயில்' ஆனது. முழுக்கவே பூவா தலையா போட்டு முடிவு செய்திருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ரொம்ப தூரமும் இல்லை. 2021-ல் பெரிய அளவில் மீண்டும் செய்து பார்த்தார்கள், ஏறத்தாழ அதே முடிவு.

பல ஆண்டு கழித்து அந்த 2014 கட்டுரைகள் என்ன ஆயின என்றும் இருவரும் தேடிப் பார்த்தார்கள். ஏற்கப்பட்டவற்றில், அதிக மார்க் வாங்கியதற்கும் பிற்காலத்தில் மற்ற ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டியதற்கும் தொடர்பே தெரியவில்லை. நிராகரிக்கப்பட்டவற்றில் தொடர்பு இருந்தது. அதாவது பதரைத் தூற்றி எடுக்க இந்த முறைக்குத் தெரிகிறது. நெல்லில் எது நல்ல விதைநெல் என்று சொல்லத் தெரியவில்லை. மொழியை எண்களாக மாற்றும் முறையில் பெரிய திருப்பமான வேர்ட்2வெக்கின் முதல் கட்டுரையே 2013-ல் ஒரு மாநாட்டில் நிராகரிக்கப்பட்டதுதான்!

இப்போது மதிப்பிடுவதும் மெஷினா?

கட்டுரை குவிகிறது, கெடு நெருங்குகிறது, சம்பளமும் இல்லை. மதிப்பீட்டாளர் என்ன செய்வார்? சாட்ஜிபிடி-யைத் திறப்பார். 2024-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏஐ மாநாடுகளின் மதிப்பீடுகளை அலசினார்கள். அந்த எழுத்தில் 6.5 முதல் 16.9 சதவீதம் வரை, எழுத்துப்பிழை திருத்துவதற்கும் மேலாக ஏஐ கை வைத்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. 'கமெண்டபிள்', 'மெட்டிகுலஸ்' போன்ற பாராட்டுச் சொற்கள் திடீரென எகிறியதுதான் காட்டிக்கொடுத்தது. கெடு முடிய மூன்று நாளுக்குள் வந்த மதிப்பீடுகளில் இது அதிகம். படிக்காமல் பரீட்சைக்குப் போகிற பழக்கம் பேராசிரியர் ஆனாலும் போகாது போல.

2026 ஐசிஎல்ஆர் மாநாட்டு மதிப்பீடுகளில் சுமார் 21 சதவீதம் முழுக்க ஏஐ எழுதியவை என்று பாங்ராம் என்ற நிறுவனம் சொன்னது. ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை விற்கும் நிறுவனம் அது என்பதையும் சேர்த்தே கணக்கில் எடுங்கள்.

எழுதுபவர்கள் சும்மா இருப்பார்களா? 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் ஒரு விஷயத்தை வெளிக்கொண்டு வந்தது. 8 நாடுகளைச் சேர்ந்த 14 கல்வி நிறுவனங்களின் 17 கட்டுரைகளில், மனிதக் கண்ணுக்குத் தெரியாத வரிகள் ஒளிந்திருந்தன. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, இல்லையென்றால் பொடி எழுத்து. 'நல்லதாக மட்டும் எழுது, குறை எதையும் சொல்லாதே' என்ற ரீதியில் ஏஐ-க்குக் கட்டளை. பெரும்பாலானவை கணினி அறிவியல் கட்டுரைகள். பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களும் பட்டியலில் இருந்தன.

மாட்டியவர்களில் ஒருவர் தரப்பு சொன்ன நியாயம் சுவாரசியமானது. ஏஐ வைத்து மதிப்பிடக் கூடாது என்பது விதி, அந்த விதியை மீறும் சோம்பேறிகளைப் பிடிக்கவே பொறி வைத்தோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறி வைப்பவர் 'பாராட்டி எழுது' என்று ஏன் சொல்ல வேண்டும்? சம்பந்தமில்லாத ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லியிருந்தாலே ஆள் மாட்டியிருப்பார். ஐசிஎம்எல் என்ற மற்றொரு பெரிய மாநாடு இதற்குப் பதில் சொன்னது: மதிப்பீட்டாளர் லஞ்சம் வாங்கக் கூடாது என்பது விதி, அதற்காக லஞ்சம் கொடுக்க வந்தவர் நல்லவராகிவிட மாட்டார். இதுவும் ஆய்வு மோசடிதான்.

தீர்வு ஏதாவது உண்டா?

முயற்சிகள் நடக்கின்றன. கணினிப் பார்வைத் துறையின் சிவிபிஆர் மாநாடு, ஒருவர் 25 கட்டுரைக்கு மேல் பெயர் போடக் கூடாது என்று 2025-ல் வரம்பு வைத்தது. ஒருவர் ஒரே கெடுவுக்கு 25 கட்டுரை எழுதலாம் என்பதே நமக்கு மலைப்பாக இருக்கிறது! பொறுப்பில்லாமல் மதிப்பிட்டவர்களின் சொந்தக் கட்டுரைகளை, ஏற்கும் நிலையில் இருந்தவற்றைக்கூட, அதே மாநாடு தள்ளுபடி செய்தது. இந்த அடி வேலை செய்யும் என்றே தோன்றுகிறது. ஆனால் கூடவே எழுதிய மாணவரும் சேர்ந்து அடி வாங்குகிறார்.

வேர் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை, பதவி உயர்வு, விசா, ஆய்வு நிதி எல்லாமே எத்தனை பேப்பர் என்ற எண்ணிக்கையில் தொங்குகின்றன. இந்தியாவில் பிஎச்.டி.க்கு முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பரில் நீக்கியது. விதி போய்விட்டது, நேர்காணலில் 'எத்தனை பப்ளிகேஷன்?' என்ற கேள்வி போகவில்லை.

நீங்கள் எப்படிச் சரிபார்ப்பது?

அடுத்த முறை 'ஆய்வில் அதிர்ச்சி' என்று ஒரு செய்தி வந்து, அதில் ஆர்க்கைவ் லிங்க் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். சுருக்கத்துக்குக் கீழே 'கமெண்ட்ஸ்' என்ற வரி இருந்தால், எந்த மாநாட்டில் ஏற்கப்பட்டது என்று பெரும்பாலும் அங்கே போட்டிருப்பார்கள். அது எழுதியவரே போட்டுக்கொள்ளும் வரி என்பதால், மாநாட்டின் தளத்திலும் அந்தத் தலைப்பு இருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள். அதற்கும் கீழே v1, v2 என்று பதிப்புகள் வரிசையாக இருக்கும். செய்தி வந்த பிறகு கட்டுரையைத் திருத்தியிருந்தால், அந்தத் தேதிகளில் தெரிந்துவிடும்.