பயிற்சியாளரும் ஆசிரியரே

கல்லூரி அணியின் பயிற்சியாளரை வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்து அமர்த்துவதும் விலக்குவதும் அமெரிக்காவில் இன்று வழக்கமாகிவிட்டது. அவரை ஆசிரியராக மதிப்பதே சரி என்பதற்கு அமோஸ் அலோன்சோ ஸ்டாகின் வாழ்க்கை வலுவான சான்று. யேல் கல்லூரியில் பேஸ்பால் பந்துவீச்சாளராகப் பெயர் பெற்ற அவரை, 1892-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் நிரந்தரப் பணியுடன் இணைப் பேராசிரியராக்கினார். அங்கே நாற்பதாண்டுகள் அமெரிக்கக் கால்பந்தையும், அவற்றில் பல ஆண்டுகள் பேஸ்பாலையும் தடகளத்தையும் அவர் கற்பித்தார். அவருடைய கால்பந்து அணி, இன்று பிக் டென் எனப்படும் கூட்டமைப்பின் பட்டத்தை ஏழு முறை வென்றது. 1924-க்குப் பிறகு அணி பெரும்பாலும் சரிவிலேயே இருந்தும் அவர் பதவி பறிபோகவில்லை. 1932-ல் ஓய்வு வயது வந்ததால்தான் விலக நேர்ந்தது.

பணிப் பாதுகாப்பு கிடைத்தால் ஊக்கம் குன்றிவிடும் என்பார்கள். ஸ்டாகிடம் அது நிகழவில்லை. எழுபது வயதில் ஓய்வை ஏற்க மறுத்து, கலிபோர்னியாவின் பசிபிக் கல்லூரிக்குச் சென்று பதினான்கு பருவங்கள் பயிற்சி அளித்தார். 1943-ல், 81 வயதில், சக பயிற்சியாளர்கள் அவரையே ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கல்லூரி விளையாட்டைக் கட்டணக் காட்சியாக வளர்த்தவர்களில் ஸ்டாகும் ஒருவர். அவருடைய நட்சத்திர வீரர் வால்டர் எக்கர்சால் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1939-ல் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் காலத்தில் அப்பல்கலைக்கழகம் கால்பந்தையே கைவிட்டது. இவை மறைக்கக்கூடிய உண்மைகள் அல்ல. ஆனால் பழுது பேராசிரியர் பதவியில் இல்லை. ஸ்டாக் பல்கலைக்கழகத் தலைவருக்கு மட்டுமே பதில் சொன்னார். நுழைவுச்சீட்டு வருமானமும் அவர் கையில் இருந்தது. மற்ற பேராசிரியர்களைக் கட்டுப்படுத்திய கல்விக்குழுவின் கண்காணிப்பு அவரை எட்டவில்லை. ஆசிரியருக்குரிய உரிமை முழுதாகக் கிடைத்தது. அதற்குரிய பொறுப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

சிகாகோவுக்கு முன் ஸ்டாக் பணியாற்றிய ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிற்காலத்தில் படித்தவர்தான், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக். விளையாட்டும் கல்வியே என்ற எண்ணம் அந்த வழியாக நமக்கும் வந்திருக்கிறது. எனவே இங்கும் கல்லூரிகள் பயிற்சியாளருக்குப் பேராசிரியரின் பாதுகாப்பைத் தரட்டும். பேராசிரியரிடம் கேட்கும் கணக்கை அவரிடமும் கேட்கட்டும்.