பரிசோதனைக்கு விலக்கு, நோயாளிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரிய தோல் நோய்க்கு மரபணு மருந்து வந்துவிட்டது என்ற உங்கள் சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். அந்த மருந்து எங்களைப் போன்றவர்கள் கைக்கு எப்படி வந்து சேரும் என்பதைக் கட்டுரை கேட்கவே இல்லை.

என் மகளுக்கு எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் ஏழாம் வகைக் கொலாஜன் அவள் உடம்பில் சரியாக உருவாவதில்லை. சட்டையின் தையல் உரசினாலே கொப்புளம் கிளம்பும். அதனால் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் போட்டுவிடுகிறோம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி இடையிடையே துணி சுற்ற வேண்டும்.

கட்டுரை சொல்லும் விஜூவெக் ஜெல் 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரிசோதனையில் இருந்தவர்கள் 31 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு புண்ணில் மருந்து, இன்னொன்றில் மருந்தில்லாத ஜெல். ஆறு மாதத்தில் மருந்திட்ட புண்களில் 67 சதவீதம் முழுதாக ஆறின; மற்றவற்றில் 22 சதவீதம்தான். சந்தோஷம்.

2024 ஆகஸ்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இடங்களில் அனுமதி பெற்ற அரிய நோய் மருந்துகளுக்கும் மரபணு மருந்துகளுக்கும் உள்நாட்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்றது. தாமதம் குறையும் என்பது நியாயமே. ஆனால், பரிசோதனையில் பங்கேற்ற, வேறு சிகிச்சை இல்லாத நோயாளிக்கு, ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தால், பரிசோதனை முடிந்த பிறகும் நிறுவனம் இலவசமாக மருந்து தர வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் மருந்துப் பரிசோதனை விதிகள். பரிசோதனையே இங்கு நடக்காவிட்டால் அந்த வாசலும் அடைபடுகிறதே! விலக்கு இருக்கிறது என்பதற்காக எந்த நிறுவனமும் இங்கே கடை விரித்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. வந்தாலும், வாரம் தவறாமல் தடவ வேண்டிய இந்த ஜெல்லுக்கு அமெரிக்க விலையில் ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் ஆகும். அரிய நோய்க் கொள்கையில், பட்டியலில் உள்ள நோய்களுக்கே உச்சவரம்பு 50 லட்சம். அது எந்த மூலைக்கு?

விலக்குக் கேட்கும் நிறுவனம், குறித்த காலத்துக்குள் மருந்தைக் கொண்டுவரவும், வசதியற்ற நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இலவசமாகத் தரவும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிபந்தனை இல்லாத விலக்கு வணிகர்களுக்கு மட்டுமே சலுகை.

இன்னொன்று. கோடிகள் கேட்காத ஆய்வும் உண்டு. ஒட்டாத கட்டுத்துணிகளில் நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் எது தாங்கும், வலியில்லாமல் எப்படிப் பிரிப்பது என்பதை அரசு மருத்துவக் கல்லூரிகளே ஆராயலாம். ஒரு மருத்துவமனையில் என் மகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றியபோது ஊசி நகராமலிருக்கப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. இந்நோயாளிக்குப் பிளாஸ்திரி ஆகாது என்ற ஒற்றை வரியாவது ஒவ்வொரு வார்டுக்கும் சுற்றறிக்கையாகப் போகட்டும். அதற்கு எந்த நாட்டின் அனுமதியும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பாளையங்கோட்டை.